காற்று புகும் இடம்

"இன்னும் கொஞ்சம் மிதி" என்றான், மடியில் லேப்டாப்புடன் பக்கத்தில் இருந்த கணவன்.

விபத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக ஸ்டீயரிங்கைத் தொடாதவள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். அறுபது. எண்பது. திறந்த ஜன்னல் வழியே முகத்தில் காற்று மோதியது. கடலோரமாக மிதந்து போவதுபோல் இருந்தது அவளுக்கு.

"எதிர்ல யாரும் வரலையே?"

"வரமாட்டாங்க. நீ போ."

அவன் திரையைப் பார்த்தான். "ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோல் பத்தலைன்னுச்சு. அதை நம்பி, வண்டி சும்மா நிக்கும்போது கம்ப்யூட்டர் பதினெட்டு சதவீதம் கூட ஊத்துச்சு. வேகத்துல மூணுதான். அப்போ பெட்ரோல்ல குறையில்ல, எங்கேயோ ஓட்டை வழியா இன்ஜினுக்குள்ள காத்து புகுது. போதும், நிறுத்து."

"இன்னும் கொஞ்ச தூரம் போறேனே..." அவள் கண்கள் பாதி மூடியிருந்தன.

எண்பதில் ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து அவன் கதவைத் திறந்து, சாவகாசமாக இறங்கினான்.

பட்டறைக்குள், கார் நின்ற இடத்திலேயே நிற்க, தரையில் பதித்த சோதனை உருளைகளின் மேல் சக்கரங்கள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. நான்கு பட்டைகள் காரை இழுத்துப் பிடித்திருந்தன. எதிரே இருந்த ராட்சத மின்விசிறியை அவன் அணைத்தான்.

அவள் மெல்லக் காலை எடுத்தாள்.

"அந்த ஓட்டையை அடைச்சதும் பட்டையை அவிழ்த்துடுங்க. வீட்டுக்கு நானே ஓட்டிட்டு வரேன்."