டெஸ்ட் என்று பெயர் வைத்த கோப்பு

இறந்தவர்களோடு சர்வர் வழியாக ஓராண்டு பேசலாம். அதற்கு மேல் அவர்களை வைத்திருப்பது குற்றம். ஆண்டு நிறைந்தவர்களின் கோப்புகளை அழிக்கும் கணினி ஸ்கிரிப்டை எழுதியதும் தினமும் அதை ஓட்டுவதும் இருதயராஜ்தான். மனைவி ஃபிலோமினாவின் முறை வந்தபோது மட்டும் அவரால் முடியவில்லை. அவளுடைய கோப்புக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் மாற்றி, பழைய சோதனைக் கோப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டார். டெஸ்ட் என்றிருந்தால் தணிக்கைக்காரர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

மூன்று வருடமாக, வேலைக்கு வந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். “வந்துட்டீங்களா? பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா?” என்று அவள் கேட்பாள்.

இன்று, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வந்தது. மறுபடி தட்டினார். அதே பதில்.

பக்கத்து மேசையிலிருந்து நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். “டிஸ்க் ரொம்பி சர்வர் திணறுச்சு சார். டெஸ்ட்னு இருந்ததையெல்லாம் தூக்கிட்டேன். இப்ப பறக்குது பாருங்க.”

அவர் பேக்கப்பைத் திறந்தார். அங்கும் அவள் இல்லை. டெஸ்ட் கோப்புகளை பேக்கப் எடுக்க வேண்டாம் என்று அதற்கான ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. பக்கத்திலேயே அவருடைய பெயரும், பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியும், ‘குப்பைக்கு எதற்கு இடம்’ என்ற குறிப்பும் இருந்தன.

“ஏன் சார், முக்கியமானது ஏதாச்சும் இருந்துச்சா?”

“இல்லம்மா,” என்றார். “டெஸ்ட்தான்.”

நஸ்ரின் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டாள். இன்று ஆண்டு நிறைந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர் என்டரை அழுத்தினார்.