திமிங்கிலத்தின் கண்

முதலில் வலை ஓர் ஆமையின் கழுத்தை இறுக்கியது. அடுத்து பாலித்தீன் பை ஓங்கில் என்னும் டால்பின் ஒன்றின் தொண்டையை அடைத்தது. அதற்கும் பிறகு பாட்டிலின் மூடி ஒரு கடற்புறாக் குஞ்சின் வயிற்றுக்குள் போனது.

இப்போது அந்த வலையும் பையும் பாட்டிலும் கரை ஒதுங்கியிருந்தன. அவற்றோடு கடல் துப்பிய மற்ற குப்பையை எல்லாம் சேர்த்து, குப்பத்து ஜனங்கள் ஒரு திமிங்கிலம் கட்டியிருந்தார்கள். எந்தப் பொருளானாலும் அதில் அச்சிட்ட பெயர் வெளியே தெரியவேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை. கண்ணாக வைத்த பாட்டிலை மட்டும் திறப்பு விழாக் குழுவினர் பெயர் தெரியாதபடி உள்பக்கம் திருப்பிவிட்டார்கள். அதைச் செய்த கம்பெனியின் முதலாளிதான் திமிங்கிலத்தைத் திறந்துவைக்க வந்திருந்தார்.

"கட்டைத் தளர்த்துறேன், வெளியே திரும்புடா," என்றது வலை.

"வேண்டாண்ணே! பேரு தெரிஞ்சா என்னை நெருப்புல போட்டுடுவாங்க," என்றது பாட்டில்.

"நாமளா கடலுக்கு நடந்து போனோம்?" என்றது பை. "கொலைப்பழி நமக்கு, மாலை அவனுக்கா?"

மேடையில் முதலாளி மாலைக்குக் கழுத்தை நீட்டினார். வலை தளர்ந்தது. காற்று வீசியது. உடம்பெல்லாம் உதற, பாட்டில் வெளியே திரும்பியது.

முன்வரிசையில் இருந்த மீன்காரி பிலோமினா எழுந்து, ஊரே கேட்க உரக்கப் படித்தாள்:

"வைரவேல் குடிநீர். முதலாளி, கோ. வைரவேல்."