கேமராவில் சிக்கிய அரிய விலங்கு

காட்டு விலங்குகள் திரும்பி வரட்டும் என்று குளக்கரையில் புதர்க்காடு வளர்த்த தன்னார்வலர்கள், அங்கே ஒளித்து வைத்த கேமராவின் படத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்கள். சங்கத் தலைவர் மட்டும் வாயே திறக்கவில்லை.

“நம்ம உழைப்பு வீண் போகலை! நாலு காலுல நடக்குது, மண்ணைக் கிளறுது, உடம்பெல்லாம் ரோமம்!”

“வாயைப் பாருங்க, ஒரு பல்லுகூட இல்ல. அரிய இனமேதான்!”

“இனிமே மனுஷக் காலே உள்ள படக்கூடாது. இன்னிக்கே வேலி போட்டுடலாம். என்ன சொல்றீங்க தலைவரே?”

தலைவர் கண்கலங்க, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி தலையாட்டினார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைவர் வீடு திரும்பியபோது, கதவைத் திறந்ததுமே அவர் மனைவி கேட்டாள்.

“கம்பளியைப் போர்த்திக்கிட்டு தினமும் புதருக்குள்ள தவழ்றீங்களே, கன்னு நடும்போது தும்மித் தொலைச்ச பல்செட்டு இன்னிக்காவது கிடைச்சுதா?”