மாவுக்கட்டின் சூடு

மாவுக்கட்டு அறையில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட எலும்பு முறிவுத் துறையின் பெரிய டாக்டரம்மா, இன்று நோயாளியின் நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். முதலாண்டுப் பயிற்சி மருத்துவரான ஒரு பெண் நனைத்த கட்டுத்துணியைச் சுற்றுகிறாள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை. மாவு இறுக இறுகக் கதகதவென்று சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டாக்டரம்மாவுக்குத் தன் முதலாண்டு திரும்பி வருகிறது. பழகுவதற்காக ஒருவர் கையில் ஒருவர் கட்டுப் போட்டுப் பார்த்தது இதே அறையில்தான். கூடப் படித்த நெட்டையன்தான் எப்போதும் அவளிடம் கையை நீட்டுவான். அவள் போட்ட கட்டு இறுகி அவன் விரல்கள் நீலம் பாரித்த அன்றுகூட, "உன் கை பட்டா எலும்பு பயந்துபோய்த் தானா ஒட்டிக்கும்" என்று சிரித்தானே தவிர, வலிக்கிறது என்று சொல்லவில்லை. அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

"சரியா இருக்கா மேடம்?" அந்தப் பெண் கட்டின் ஓரத்தைத் தடவிச் சமன்செய்தபடியே கேட்கிறாள். டாக்டரம்மாவின் விரல் நுனிகள் விண்விண்ணென்று தெறிக்கின்றன. சரியா இருக்கு என்ற பொய் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. "இறுக்கமா இருக்கும்மா. வெட்டிப் பிரிச்சிட்டு மறுபடி போடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." அந்தப் பெண் பதறிப்போய்க் கத்தரியை எடுக்கிறாள். டாக்டரம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கண் கலங்கியது வலியால்தான் என்றே அந்தப் பெண் நினைத்துக்கொள்ளட்டும்.