முதல் முறைத் தண்ணீர்

"கம்ப்யூட்டர்காரி புருசன்னு எம்பேரை மொதல்ல போட்டுட்டியாக்கும்?" குச்சிக்கிழங்கைத் தின்றபடி இளங்கோ சிரித்தான்.

"வாய்க்கால்ல நம்ம தோட்டந்தானுங்க மொதல்ல இருக்குது. பேரு போட்ட வரிசையிலதான் புரோகிராம் போன் அடிக்கும்," என்றாள் கலைச்செல்வி. வாசலூர்பட்டியில் தோட்டந்தோட்டமாக முறை வைத்துப் பாய்ச்சும் வாய்க்கால் தண்ணீருக்காக அவள் எழுதிக்கொடுத்த புரோகிராம் அது.

அடுத்த மாதம், தண்ணீர் முறையைக் கவனிக்கும் கருப்பண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணு, இளங்கோ போனை யாரும் எடுக்கறதில்ல. முறை அடுத்த ஆளுக்குத் தாண்டிப் போயிருது. மொளகுக்கொடியெல்லாம் வாடுது பாரு. அவன் பேரை அழிச்சுட்டு உம்பேரைப் போட்டுக்க."

"அழிச்சா வம்புங்க மாமா. புதுப்பேரு கடைசியில போய் நிக்கும். நம்ம முறை வர்றதுக்குள்ள வாய்க்கால் காஞ்சிரும். பேரை அப்படியே உட்டுட்டு, நம்பரை மட்டும் மாத்தினா எடம் மாறாதுங்க."

"பஸ்ஸுல துண்டு போட்ட கணக்கா?"

"ஆமாங்க. துண்டு அவரோடது, உக்காரப்போறது நானு."

"துண்டை மட்டும் போட்டுட்டுப் போயிட்டான் பாரு, கெட்டிக்காரன்!" கருப்பண்ணன் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளுடைய போன் அடித்தது. "இளங்கோ, உங்கள் முறை," என்றது பதிவு செய்த குரல். மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்தாள். தண்ணீர் மிளகுக்கொடிகளுக்குள் புகுந்து ஓடி, தோட்டத்து மூலையில் இளங்கோவைப் புதைத்த மண்மேட்டின் ஓரத்தை நனைத்தது.

கொடிகள் நனைந்ததும் மடையை அடைத்தாள். அடுத்த அழைப்பு, எப்போதும்போல, பக்கத்துத் தோட்டத்துச் சின்னையனுக்குப் போனது.