ஆமை கேட்ட மூன்று கேள்விகள்

ஒரு விடுகதை சொல்கிறேன். கொடுத்த பிறகும் அது உங்களிடமே இருக்கும். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்கவே முடியாது. அது என்ன?

முயல்குட்டி ஒன்று ஏரிக்கரைக்கு ஓடிவந்தது. வளையில் அம்மாவுக்குக் காய்ச்சல். கண் திறக்காத தங்கைகள் இரண்டு பேர் வேறு. மருந்து இலை அக்கரையில்தான் இருந்தது. எல்லோரையும் ஏற்றிப் போகும் ஆமையின் முதுகில் குட்டி தாவி ஏறியது.

"உன் வளை எங்கே? உள்ளே யார் யார்? எப்போது திரும்புவாய்?" என்று ஆமை கேட்டது.

"அக்கரைக்குப் போக அதெல்லாம் எதற்கு, மாமா?"

"எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார்கள். நீ மட்டும் என்ன, சிங்கராஜாவா?"

"வேறு யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?"

"சேச்சே! எனக்கு மறதி அதிகம், அதனால் நாரையிடம் மட்டும் சொல்லிவைப்பேன். அது எதையும் மறக்காது."

குட்டி திரும்பிப் பார்த்தது. ஏரி நடுவே ஒரு திட்டில் நின்று நாரை பேசிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் மலைப்பாம்பு ஒன்று சுருண்டு படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்துவிட்டது. சுற்றிப் போனால் வெகுநேரம் ஆகும்.

"சீக்கிரம் சொல்லு, கண்ணு" என்றது ஆமை.

குட்டி கீழே இறங்கி, ஏரியைச் சுற்றி நடந்தது.