ஹாய் என்றால் இரண்டு

"லானிட்ட இண்டைக்கு எப்பிடியும் கேட்டுப்போடுவன்," என்றாள் மக்டலீன், மகன் ஜெனாட்டின் ஜாக்கெட் சிப்பை மேலே இழுத்தபடி.

"நீ இங்கிலீஸ் வகுப்புக்குப் போறியோ, செத்தவீடு விசாரிக்கப் போறியோ?" என்றான் கணவன் சீமோன். பிறகு குரலை இறக்கி, "சரி, மெல்லமாக் கேள்," என்றான்.

அது தொண்ணூற்று மூன்று. ஸ்காபரோவில், புதிதாய் வந்தவர்களுக்கான அந்த வகுப்பில் லானுக்கு மக்டலீனின் பக்கத்துக் கதிரை. வியட்நாமின் தெற்கே, ஆற்றோரத்து ஊரொன்றில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். அங்கே பிள்ளைகள் ரீச்சரை 'கோ', அதாவது மாமி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

தன் மகனை அவள் 'ஹாய்' என்பாள். யாருக்கு வணக்கம் சொல்கிறாள் என்று மக்டலீன் முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஹாய் என்றால் தங்கள் மொழியில் இரண்டு, அவன் என் இரண்டாம் நம்பர் என்று லான் சொன்னதோடு அந்தப் பகிடி முடிந்தது. லான் வீட்டில் வேறு பிள்ளை இல்லை. அவர்கள் படகில் தப்பி வந்தவர்கள்.

முதலாம் நம்பருக்காக மக்டலீன் நான்கு மாதமாய்ச் செபித்தாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் லான் வாய்விட்டுச் சிரிக்கிறாளே, எப்படி? அதைத்தான் கேட்க வேண்டும். ரொறொன்ரோவில் அவளுக்கு வேறு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

இடைவேளையில், தெரிந்த இங்கிலீஸில் கேட்டாள். "உன் முதலாம் நம்பர்... கடலிலா?"

லானுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் மக்டலீனின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முதலாம் நம்பரே இல்லை. எங்கள் தெற்கில் தலைப்பிள்ளைதான் இரண்டு. பேய் மூத்ததைத் தேடி வருமாம். இந்த வீட்டில் ஒன்று இல்லையே என்று திரும்பிப் போய்விடுமாம்."

ஒரே மகன்தான், படகில் மூன்று பேரும் சுகமாய் வந்து சேர்ந்தோம் என்றாள். நல்லது, மெத்த நல்லது என்றாள் மக்டலீன். அவள் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"உன் ஜெனாட்? முதலாம் நம்பரா?"

மக்டலீன் இரண்டு விரலைக் காட்டினாள்.

லானுக்குப் பெரிய சந்தோஷம். "உங்கள் ஊரிலும் பேயை ஏமாற்றுவீர்களா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொன்னாள் மக்டலீன்.

மன்னாரில் அண்ணனோடு படகேறியபோது ஜெனாட் இரண்டாவது பிள்ளை. அண்ணன் இல்லாமல் இராமேஸ்வரத்தில் இறங்கியபோதும் அவன் இரண்டாவது பிள்ளைதான்.